டாக்ரோலிமஸ் மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் என்ன சம்பந்தம்?

கொழிஞ்சாம்பாறையிலருந்து கேட்டிருக்கீங்க, மாமாவுக்கு கோயம்புத்தூர்ல கிட்னி மாத்துனாங்க, மாத்துன கிட்னிய உடம்பு ஒதுக்காம இருக்கக் குடுக்கற டாக்ரோலிமஸ் ஒரு கால்சிநியூரின் தடுப்பான், அதாவது கால்சிநியூரின்ங்கற புரதத்த வேல செய்ய விடாத மருந்துன்னு சொன்னாங்க, அப்ப கால்சியம் மாத்திரைய நிறுத்தணுமான்னு. அதுக்காக நிறுத்த வேண்டாங்க, இது எலும்புக்குப் போற கால்சியம் இல்ல, நோய் எதிர்ப்பு வேல பாக்கற டி செல்லுங்கற வெள்ளையணுவுக்குள்ள நடக்குற சங்கதி.

டி செல் சும்மா இருக்கறப்ப உள்ள இருக்கற கால்சியம் ரொம்ப கம்மி, வெளிய இருக்கறதுல ஏறக்குறைய 10,000-ல ஒரு பங்குதான். கிருமித் துண்டையோ அடுத்தவங்க கிட்னியையோ அடையாளம் கண்டுச்சுன்னா மொதல்ல உள்கிடங்குல இருக்கற கால்சியம் காலியாகும், அத ஸ்டிம்1-ங்கற புரதம் மோப்பம் புடிச்சு சவ்வுல இருக்கற ஒராய்1 வாசலத் தெறக்கும், வெளியிலருந்து கால்சியம் கொட்டும். கால்மோடுலின்ங்கற புரதந்தான் இதுல கில்லாடி, 4 கால்சியம் அயனியப் புடிச்சு வடிவம் மாறி கால்சிநியூரினத் தட்டி எழுப்பும், அது என்ஃபாட்டுங்கற இன்னொரு புரதத்து மேல ஒட்டியிருக்கற பாஸ்பேட்டக் கழட்டும், என்ஃபாட் நியூக்ளியஸுக்குள்ள போய் டி செல்லப் பெருகச் சொல்ற ஐஎல்-2 ஜீன ஆன் பண்ணும், அப்பறம் டி செல் பெருகிட்டே போகும்.

டாக்ரோலிமஸ் எஃப்கேபி12-ங்கற புரதத்தோட சேந்துக்கிட்டு கால்சிநியூரின அமுக்கிடும், அதான் புது கிட்னி தப்பிக்குது, இன்ஃபெக்‌ஷன் சுலபமா வர்றதும் அதனாலதான்.



ஒண்ணு மட்டும், நம்ம பக்கம் தோட்டத்துல காய்க்கற கம்பிளி நாரங்கா, அதான் பம்ளிமாஸ், மாமாவுக்குக் குடுக்காதீங்க, ரத்தத்துல டாக்ரோலிமஸ் அளவ ஏத்தி விட்டுரும்.