பம்பர் பெயிண்ட் உரிகிறதா? நிறத்தை வைத்து வாதாடாதீர்கள்

கேள்வி: அப்பா பெயரில் உள்ள இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை நான்தான் ஓட்டுகிறேன். முன்பக்க பம்பரில் கல் தெறித்துப் புள்ளி புள்ளியாகப் பெயிண்ட் போயிருந்தது. தனியார் பெயிண்ட் ஒர்க்‌ஷாப் ஒன்றில் பம்பர் முழுவதையும் திரும்ப அடிக்கக் கொடுத்தேன். "கம்பெனி கலர் கோடு (நிறக் குறியீடு), ஷோரூம் ஃபினிஷ்" என்று வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னார்கள். முழுப் பணமும் கட்டித்தான் காரை எடுத்தேன். வெயிலில் நிறுத்தினால் பம்பர் மட்டும் ஒரு ஷேடு கறுத்துத் தெரிகிறது. இரண்டாம் மாதமே கீழ் விளிம்பில் பெயிண்ட் தோல் தோலாக உரியத் தொடங்கிவிட்டது. எதிரில் எதுவும் இல்லாதபோதும் பார்க்கிங் சென்ஸார் கத்துகிறது. போய்க் கேட்டால், "பிளாஸ்டிக்கில் ஷேடு மாறத்தான் செய்யும், நீங்கள் பிரஷர் வாஷ் அடித்ததால் உரிந்திருக்கும், பெயிண்டுக்கு வாரண்டி கிடையாது என்று பில்லுக்குப் பின்னாலேயே போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். விடாமல் கேட்ட பிறகு, "இலவசமாகத் திரும்ப அடித்துத் தருகிறோம், காரை விட்டுவிட்டுப் போங்கள்" என்று இறங்கி வந்திருக்கிறார்கள். விடலாமா? வழக்குப் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்கும். ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் வரிசையில் வழக்கைக் கொண்டுபோனால் தடுமாறும். ஷேடு வித்தியாசத்தை முதலில் வைத்திருக்கிறீர்கள், உரிவதை இரண்டாவதாக வைத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள்.

காரணம் இதுதான். பம்பர் பிளாஸ்டிக், பக்கத்தில் இருக்கும் ஃபெண்டரும் (சக்கரத்துக்கு மேலுள்ள பகுதி) பானெட்டும் பெரும்பாலும் உலோகம். மெட்டாலிக் நிறமாக இருந்தால் பெயிண்டுக்குள் இருக்கும் மின்னும் துகள்கள் எப்படிப் படுகின்றன என்பதைப் பொறுத்துக்கூட நிறம் மாறித் தெரியும். தொழிற்சாலையிலிருந்து வரும் புதுக் காரிலேயே பம்பருக்கும் ஃபெண்டருக்கும் இலேசான வேறுபாடு இருப்பது உண்டு. எதிர்த்தரப்பு ஒரு பெயிண்டரைக் கூட்டி வந்து இதைச் சொல்ல வைத்தால், உங்கள் புகார் வெறும் ரசனைப் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். உரிவதில் அப்படி ஒரு சமாதானம் கிடையாது. இரண்டே மாதத்தில் பெயிண்ட் கழன்று வந்தால், அடிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

எந்த வேலையை விட்டார்கள் என்பதை உரிந்த துண்டே ஓரளவு சொல்லிவிடும். ஒரு துண்டை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், அது கழன்ற இடத்தையும் பாருங்கள். அங்கே பழைய பெயிண்ட் பளபளப்பு குறையாமல் அப்படியே தெரிந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் மேலேயே அடித்திருக்கிறார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் துடைத்து வைத்ததுபோல் தெரிந்தால், பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்க வேண்டிய பிளாஸ்டிக் பிரைமரை விட்டிருக்கலாம். பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன்மேல் பெயிண்ட் தானாக ஒட்டாது. நிறம் அப்படியே இருந்து மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு மட்டும் ஏடாக வந்தால், அது பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே நடந்த கோளாறு. மூன்றில் எதுவாக இருந்தாலும் வேலை செய்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தத் துண்டுகளை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு வையுங்கள். உரிந்த இடத்தில் கம்பவுண்டோ பாலிஷோ போட்டுவிடாதீர்கள்.

பிரஷர் வாஷ் வாதத்துக்கு வருகிறேன். அதே தண்ணீர் ஃபெண்டரிலும் பானெட்டிலும்தானே பட்டது? அங்கே உரியவில்லை, பம்பரில் மட்டும் உரிகிறது என்றால் அந்த வாதம் பாதி உதிர்ந்துவிடும். மீதிப் பாதியை நீங்கள் நேர்மையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். புதிதாகக் கல் தெறித்த புள்ளியிலிருந்து உரிதல் தொடங்கியிருக்கிறதா? பெயிண்ட் அடித்த ஓரிரு நாளிலேயே தண்ணீர் அடித்தீர்களா? அப்படி இருந்தால் என்னிடமோ வேறு வழக்கறிஞரிடமோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிவருவது நல்லதல்ல. "இத்தனை நாள் தண்ணீர் அடிக்கக் கூடாது" என்று அவர்கள் எழுத்தில் எதுவும் தரவில்லை என்றால், அது அவர்கள் பக்கக் குறை.

நிறத்தை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. காரின் பெயிண்ட் கோடு, கார் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ ஸ்டிக்கரிலோ இருக்கும். பில்லிலோ, காரை விடும்போது வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலோ வேறு கோடு எழுதியிருந்தால் உங்கள் கையில் பெரிய ஆயுதம் கிடைத்துவிட்டது. அப்போது அது ரசனை அல்ல, சொன்ன பொருளைப் போடவில்லை என்ற குற்றச்சாட்டு. அதேபோல, முழு பம்பருக்கு அடிப்பதற்கு முன் ஒரு சிறு அட்டையில் அடித்து காரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். ஒரே கோடுக்குக் கொஞ்சம் மாறுபட்ட கலவைகள் இருப்பதால்தான் நல்ல பெயிண்டர்கள் அந்த அட்டையை விடுவதில்லை.

சென்ஸாரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பார்க்கிங் சென்ஸாரின் முகத்தில் பெயிண்ட் கனமாகப் படிந்தால் அது தவறாகப் படிக்கும். உங்கள் காரில் தானாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரேடார் பம்பருக்குப் பின்னாலோ நடுவிலோ இருந்தால், விஷயம் பணத்தைத் தாண்டி உயிர் சம்பந்தப்பட்டது. மெட்டாலிக் பெயிண்டும் கூடுதல் கனமும் ரேடார் அலையைப் பாதிக்கக்கூடும். அதனால் அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தில் ஸ்கேன் செய்து அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை அந்த வசதிகளை நம்பி ஓட்ட வேண்டாம். அந்த அறிக்கையே வழக்குக்கும் சாட்சியாகும்.

இனி ஆதாரம். சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் செய்பவர் தலையில்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2021-லும் இதைச் சொல்லியிருக்கிறது. "பாருங்கள் ஐயா, உரிந்திருக்கிறது" என்று புகைப்படம் நீட்டினால் மட்டும் போதாது. அந்த ஒர்க்‌ஷாப்போடு சம்பந்தமில்லாத, அனுபவமுள்ள ஒரு பெயிண்டரிடமோ சர்வீஸ் மையத்திலோ காரைக் காட்டி, உரிந்ததற்கான காரணத்தையும் சரிசெய்ய ஆகும் செலவையும் கையெழுத்தோடு வாங்குங்கள். பின்னால் அவரிடமே ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கித் தாக்கல் செய்யலாம்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பெயிண்டின் கனத்தை அளக்கும் சாதாரணக் கருவி உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் அளக்க அல்ட்ராசோனிக் வகைக் கருவி வேண்டும். யாராவது சாதாரணக் கருவியை பம்பரில் வைத்து ஓர் எண்ணைக் காட்டி அறிக்கை தந்தால், அந்தத் தாள் உங்களுக்குப் பயன்படாது, எதிர்த்தரப்புக்குத்தான் பயன்படும். கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டிப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு ஐஎஸ்ஓ 2409 என்ற தரநிலையே இருக்கிறது. ஆனால் அது பெயிண்டைக் கீறும் சோதனை. ஒர்க்‌ஷாப்புக்குத் தேதி, நேரம், இடம் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பி, "வந்து பாருங்கள்" என்று அழைத்த பிறகே செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆதாரத்தை நீங்களே கெடுத்தீர்கள் என்பார்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுப் பதிவுகளை ஆதாரமாகக் கொடுக்கும்போது, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு சொல்லும் சான்றிதழை இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை உரிமையியல் நீதிமன்றம் அளவுக்குக் கெடுபிடியாகப் பிடிப்பதில்லை என்றாலும், சான்றிதழை இணைத்துவிட்டால் அந்தச் சண்டையே வராது.

பில்லின் பின்பக்க வரிக்காகப் பயப்படாதீர்கள். வேலை முடிந்து, பணம் கட்டிய பிறகு கைக்கு வந்த தாளில் இருக்கும் நிபந்தனை, வேலைக்கு முன் நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை ஆகாது. வாரண்டி இல்லை என்பதும், வேலையை ஒழுங்காகச் செய்யும் கடமை இல்லை என்பதும் ஒன்றல்ல. ஆனால் காரை விடும்போதே அந்த வரி அச்சிட்ட ஜாப் கார்டில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அதன் நகல் எனக்கு வேண்டும். அப்போதும் வழக்கு செத்துவிடாது, வாதம்தான் மாறும்.

இப்போது, இலவசமாக அடித்துத் தருகிறோம் என்பதை ஏற்பதா வேண்டாமா? என் கருத்து: மறுக்காதீர்கள், ஆனால் சாவியையும் உடனே கொடுத்துவிடாதீர்கள். தவறைத் திருத்த ஒரு வாய்ப்பு கொடுத்தார் என்பது ஆணையத்தின் முன் உங்கள் மதிப்பைக் கூட்டும். அதே சமயம், சரியாக ஒட்டாத பெயிண்டின் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் அதுவும் உரியும், இருந்த ஆதாரமும் புதைந்துபோகும். அதனால் முதலில் மேலே சொன்ன ஆய்வை முடித்துவிடுங்கள். அப்புறம் இந்த நிபந்தனைகளோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். சரியாக ஒட்டாத பெயிண்டை முழுவதும் எடுத்துவிட்டு அடிக்க வேண்டும். எந்தப் பிரைமர், எந்தக் கோடு, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் தர வேண்டும். சென்ஸார்களைக் கழற்றி மாட்டிச் சோதித்துத் தர வேண்டும். எந்தக் கட்டணமும் கிடையாது. இதற்கு ஒப்புக்கொள்வதால் என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமில்லை. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காரைத் திரும்ப எடுக்கும்போது "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று தாள் நீட்டினால் பகல் வெளிச்சத்தில் பம்பரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். கட்டாயம் போட்டாக வேண்டும் என்றால் "ஆட்சேபத்துடன்" என்று உங்கள் கைப்பட எழுதிப் போடுங்கள்.

காரைக் கொடுத்த பிறகு புதுப் பில் போட்டு, பணம் கட்டினால்தான் சாவி என்றால் என்ன செய்வது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க உரிமை தருகிறது. சட்டமே அதற்குச் சொல்லும் உதாரணம், பட்டை தீட்டக் கொடுத்த வைரம். ஆனால் அந்த உரிமை, ஒப்புக்கொண்டபடி செய்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். கட்டணம் இல்லை என்று எழுத்தில் தந்த வேலைக்குக் கூலியும் இல்லை, பிடித்துவைக்கும் உரிமையும் இல்லை. கடிதத்தில் அந்த வரியைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். விடும்போது ஓடிய கிலோமீட்டரையும் எரிபொருள் அளவையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த பொருளைச் சொந்தப் பொருள்போல் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 151-ஆம் பிரிவு. சொன்ன காரியத்துக்கு மாறாகப் பயன்படுத்தி அதனால் சேதம் வந்தால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 154. வண்டியை யாராவது ஆசைக்கு ஒரு சுற்று எடுத்துப் போனால், அந்தப் படங்கள்தான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

எங்கே போடுவது? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில். இது விலை உயர்ந்த கார் ஆயிற்றே, மாவட்ட ஆணையம் எடுக்குமா என்று தயங்க வேண்டாம். புதிய சட்டத்தில் காரின் விலையோ நீங்கள் கேட்கும் இழப்பீடோ கணக்கில்லை, சேவைக்குக் கட்டிய தொகைதான் கணக்கு. அது 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பெயிண்ட் பில் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஒர்க்‌ஷாப் எங்கே இருந்தாலும் சரி. காலக்கெடு, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். நோட்டீஸ் பெற்ற எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் அதிகபட்சம் இன்னும் 15 நாள் தரலாம்.

கார் அப்பா பெயரில் இருப்பது தடையல்ல. பணம் கட்டியவரும், அவர் சம்மதத்தோடு சேவையைப் பெறுபவரும் நுகர்வோர்தான். இருந்தாலும் ஆர்.சி. ஒரு பெயரிலும் பில் இன்னொரு பெயரிலும் இருந்தால் கேள்வி வரும், எனவே இருவரும் சேர்ந்தே புகாரில் கையெழுத்துப் போடுங்கள். கார் நிறுவனத்தின் பெயரில் இருந்து, தொழிலுக்குப் பயன்படுகிறது என்றால் மட்டும் கணக்கே வேறு.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். கட்டிய பெயிண்ட் தொகை, அல்லது வேறு இடத்தில் சரிசெய்யும் செலவு, சென்ஸார் சரிபார்த்த செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. கார் ஓட்ட முடியாததால் கைநழுவிய பந்தயம், மறுவிற்பனையில் குறையப்போவதாக நீங்களே போட்ட மதிப்பு எல்லாவற்றையும் ஏற்றினால் புகாரே நம்பகத்தன்மை இழக்கும். தொலைவான, மறைமுகமான நட்டத்துக்கு இழப்பீடு இல்லை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவே சொல்லிவிட்டது.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள், சில ஒர்க்‌ஷாப்கள் அதிலேயே வழிக்கு வந்துவிடும். வராவிட்டால் 15 நாள் கெடு வைத்து, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ்.

வழக்கு முடியும்வரை உரிந்த பம்பரோடு ஓட்ட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஆய்வு முடிந்து, படங்கள் எடுத்து, நோட்டீஸில் "இத்தனாம் தேதிக்குப் பிறகு வேறு இடத்தில் சரிசெய்துகொள்வேன், செலவு உங்களுடையது" என்று எழுதி, கெடுவும் தாண்டிவிட்டால் தாராளமாகச் சரிசெய்துகொள்ளுங்கள். பழைய பெயிண்டை எடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள், பில்லில் செய்த வேலையைத் தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். வழக்கு நடக்கும்போது காரை விற்கும் யோசனை இருந்தால் மட்டும், விற்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.