வீட்டுக் கணினிக்கு நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று வாங்கிப் போட்டால் போதுமா?

வீட்டில் ஒரே கணினி, பேங்க் வேலையும் அதில்தான், பிள்ளைகள் விளையாடுவதும் அதில்தான், எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் போட்டிருந்தேன். இலவசம்கூட இல்லை, வருடா வருடம் காசு கட்டிப் புதுப்பிக்கிற சரக்கு. திரையின் மூலையில் பச்சை டிக் எப்போதும் இருக்கும். அந்தப் பச்சை டிக் இருக்கும்போதே 38,600 ரேண்ட் (தென்னாப்பிரிக்கப் பணம்) போனது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணினி படித்தவள் இல்லை. கும்பகோணத்தில் பி.காம். முடித்தவள், கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜில் பூஜைச் சாமான் வியாபாரம். ஊரிலிருந்து குத்துவிளக்கு, மணி, தூபக்கால், வேட்டி என்று தருவித்து இங்கே கோயில்களுக்கும் வீடுகளுக்கும் கொடுக்கிறேன். 'விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது' என்று எழுதப் போகிற தம்பிகளுக்கு: தெரியும் கண்ணா, நீங்கள் வந்து என் பில் போடும் மென்பொருளை அதில் ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

2022 டிசம்பர். அடுத்த தைப்பூசக் காவடிக்காக ஒரு கோயில் கமிட்டி நாலடிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, கைமணிகள், அபிஷேகக் குடங்கள் கேட்டிருந்தார்கள். இன்வாய்ஸை மெயிலில் அனுப்பினேன். பதில் இல்லை. அந்த மாதம் லோட்ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) ஸ்டேஜ் 6 வரை போயிருந்தது, ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போகும், ரவுட்டர் செத்துப்போகும், வந்தபின் பாதி நேரம் டவரும் இருக்காது. சரி, செயலாளர் வீட்டிலும் இதே கதையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். "ஆன்டி, விளக்கு எப்போது வரும்? காசு போட்டு ஆறு நாளாச்சே." (அவருக்கு அறுபத்தைந்து வயது. இங்கே கடை வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் எல்லோருக்கும் ஆன்டிதான்.) எனக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை. அவர் வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் ஆஃப் பேமெண்ட் அனுப்பினார். மேலே என் கடைப் பெயர். கீழே இருந்த கணக்கு எண் என்னுடையதில்லை, பேங்கும் வேறு.

அவருக்கு வந்த மெயிலை ஃபார்வர்ட் செய்யச் சொல்லிப் பார்த்தேன். என் முகவரியிலிருந்துதான் போயிருக்கிறது. நான் அனுப்பி இருபது நிமிடத்தில், அதே உரையாடலின் கீழேயே. 'பேங்க் மாற்றிவிட்டோம், பழைய இன்வாய்ஸைத் தள்ளிவிடுங்கள்' என்று இரண்டு வரி. என் இன்வாய்ஸேதான், அதே மயில் படம், 'அபிஷேகம்' என்பதை ஆங்கிலத்தில் நான் தப்பாக அடித்த ஸ்பெல்லிங்கூட அப்படியே. கடைசியில் நான் வழக்கமாகப் போடும் வணக்கமும் இருந்தது.

வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் ஐடி வேலையில் இருக்கிறார். வந்து உட்கார்ந்தார், ஆன்டிவைரஸ் பக்கமே போகவில்லை. நேரே மெயில் செட்டிங்ஸில் ரூல்ஸ் என்ற இடத்தைத் திறந்தார். அதில் ஒரு ரூல் இருந்தது. அதற்குப் பெயர் வெறும் ஒரு புள்ளி. எழுத்துகூட இல்லை, தூசி மாதிரி ஒரு புள்ளி. இன்வாய்ஸ், பேமெண்ட், பேங்க் என்ற சொற்களில் ஏதாவது ஒன்று வரும் மெயிலை எல்லாம் 'படித்தாகிவிட்டது' என்று குறித்து ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் (இணையதளச் செய்திகள் வந்து சேரும் இடம்) ஃபோல்டருக்குள் தள்ளு என்பது அதன் வேலை. நான் மெயில் பார்க்கும் அவுட்லுக்கில் அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். திறந்தால் நாற்பத்தொரு மெயில். 'புது பேங்க் கணக்கு சரிதானே?' என்று செயலாளர் கேட்ட மெயிலும் அதற்குள் கிடந்தது. அதற்கு 'ஆமாம்' என்று என் பெயரில் பதிலும் போயிருந்தது. பாவம், அவர் கேட்கத்தான் செய்திருக்கிறார். நான் ஒரு வாரமாக லோட்ஷெடிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எப்படி உள்ளே வந்தார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் பையனுக்கு அப்போது பதினான்கு வயது. ஏதோ ஒரு கேமில் காசில்லாமல் கார் வாங்கித் தரும் குறுக்குவழி (cheat) என்று ஒரு வீடியோவின் கீழே லிங்க். ஜிப் கோப்பு, அதற்கு 1234 என்று பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் போட்ட ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் பார்க்க முடியாதாம், அதற்காகவே அப்படிப் பூட்டிக் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு குறிப்பு: 'ஆன்டிவைரஸ் இதைத் தவறாக வைரஸ் என்று சொல்லும், இன்ஸ்டால் முடியும்வரை ஆஃப் செய்துவிடவும்.' பையன் ஆஃப் செய்தான், முடிந்ததும் சமர்த்தாக மறுபடி ஆன் செய்தான். பச்சை டிக் திரும்ப வந்துவிட்டது. இடையில் அந்த ஐந்து நிமிடத்தில் பிரவுசரில் நான் சேமித்து வைத்திருந்த அத்தனை பாஸ்வேர்டையும் அது அள்ளிக்கொண்டு போய்விட்டது. கணினி மெதுவாகவில்லை, கோப்பு எதுவும் காணாமல் போகவில்லை, மண்டை ஓடு படமெல்லாம் வரவில்லை. பையனை நான் அடிக்கவில்லை. அவனுக்கு அட்மின் அக்கவுண்ட் (எதையும் இன்ஸ்டால் செய்ய, ஆஃப் செய்ய உரிமையுள்ளது) கொடுத்தது நான், பாஸ்வேர்டை எல்லாம் பிரவுசரில் போட்டு வைத்ததும் நான்.

பதற்றத்தில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். போன் வந்த உடனே அதே கணினியில் உட்கார்ந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றினேன். அந்தத் திருட்டு மென்பொருள் உள்ளேதான் இருக்கிறது, புதிய பாஸ்வேர்டும் போயிருக்கும் என்று நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். வேறொரு சுத்தமான போனிலிருந்து மாற்ற வேண்டும், கூடவே 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் மாறினாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான். அப்புறம் கணினியைத் துடைத்து விண்டோஸை முதலிலிருந்து போட்டார்.

பணம்? கமிட்டியின் பேங்க் கையை விரித்துவிட்டது. நீங்களே அனுமதி கொடுத்துத்தானே அனுப்பினீர்கள் என்றார்கள். அந்த ஈஎஃப்டி (பேங்க் கணக்கிலிருந்து கணக்குக்கு ஆன்லைனில் பணம் போடுவது) கணக்கு எண்ணை மட்டும்தான் பார்த்தது, மேலே அடித்த பெயரை இல்லை. போலீஸில் கேஸ் நம்பர் கொடுத்தார்கள், அது இன்னும் என் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2019-இல் ஜோகன்னஸ்பர்க்கில் வீடு வாங்கிய ஒரு அம்மாவுக்கு இதே மாதிரி, வக்கீல் அலுவலகத்தின் மெயிலை இடையில் மாற்றி, 55 லட்சம் ரேண்ட் போனது. 2023-இல் உயர் நீதிமன்றம் வக்கீல்கள் ஈடுகட்ட வேண்டும் என்றது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது, பணம் கட்டுகிறவர் தாமே சரிபார்த்திருக்கலாம் என்பது அதில் ஒரு காரணம். அந்தக் கணக்கில் பார்த்தால் கமிட்டிதான் நஷ்டப்பட வேண்டும். ஆனால் மெயில் என்னுடையது, பையன் என்னுடையவன். பாதி நான் ஏற்றுக்கொண்டேன்.

ஏற்றுக்கொண்டதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்றால், கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, 'இந்தியாவிலிருந்து வருகிறவர்களோடு வைத்துக்கொண்டால் இப்படித்தான்' என்றார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கமிட்டிக்காரர்கள் 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து கரும்புத் தோட்டத்தில் வதைபட்டவர்களின் வம்சம், எனக்கு அவர்கள்மேல் உள்ள மதிப்பு கொஞ்சநஞ்சமில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறேன், சனிக்கிழமைதோறும், சம்பளமில்லாமல். 'ழ' வராத பிள்ளைக்கு 'ழ' வரவைக்க மட்டும் இந்தியாக்காரி வேண்டும், காசு விஷயம் என்றால் சந்தேகம். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை, இவர்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சரி, விடுங்கள்.

ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள். 2021 செப்டம்பரில் இந்த நாட்டு நீதித்துறை அமைச்சகத்தின் கணினிகளை எல்லாம் ஒரு கும்பல் யாரும் திறக்க முடியாதபடி பூட்டிப் போட்டது. விசாரித்தால் ஆன்டிவைரஸ் உரிமத்தையே அவர்கள் புதுப்பிக்கவில்லை. சொல்லியும் கேட்காததால் 2023-இல் தகவல் ஒழுங்குமுறை ஆணையம் 50 லட்சம் ரேண்ட் அபராதம் போட்டது. ஆக, இருக்கட்டும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம், அந்தச் சந்தாக் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒரு தடவை கோப்புகளை நகலெடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். கழற்றாமல் செருகியே வைத்தால் கணினியைப் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான்.

பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட், அட்மின் உரிமை இல்லாமல். இதைச் செய்யப் பத்து நிமிடம் ஆகும், முதல் வாரம் வீட்டில் சண்டை நடக்கும். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பாதியில் கரண்ட் போய்விடும் என்று நான் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கணினியைப் பூட்டும் வைரஸ் உலகம் முழுக்க ஆடியபோது அதைத் தடுக்கிற அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இன்னும் விண்டோஸ் 10 வைத்திருந்தால் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அதற்கு ஒரு வழி பாருங்கள். ரவுட்டரின் கீழே ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஆனால் இதில் எதையும் செய்யாவிட்டாலும் மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) இன்றைக்கே போடுங்கள், எஸ்எம்எஸ்ஸில் வேண்டாம், அதற்கென்று இருக்கும் ஆப்பில். இங்கே சிம் ஸ்வாப் செய்து, அதாவது உங்கள் நம்பருக்கு வேறு சிம் வாங்கி, எஸ்எம்எஸ்ஸைத் தன் போனுக்கு இழுத்துக்கொள்வது பழைய தொழில். மற்ற எல்லாக் கணக்குக்கும் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்றால் எங்கே கடிதம் வருகிறது? மெயிலுக்குத்தானே. மாதம் ஒரு முறை அந்த ரூல்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஃபார்வர்டிங்கையும் (மெயில் தானாக வேறு முகவரிக்குப் போகிறதா என்று) பாருங்கள். புள்ளி இருக்கிறதா என்று நான் இப்போதும் பார்க்கிறேன்.

அந்தக் கமிட்டி இன்னும் என்னிடம்தான் வாங்குகிறது. செயலாளர் காசு போடுமுன் போன் செய்வார், இன்வாய்ஸில் இருக்கும் நம்பருக்கு இல்லை, பழையபடி அவர் போனில் வைத்திருக்கும் நம்பருக்கு. கணக்கு எண்ணைத் தமிழில் சொல் என்பார். அவருடைய ஆயா (பாட்டி) சொல்லிக் கொடுத்து ஒன்று முதல் பத்து வரை தெரியும், அவ்வளவுதான் அவர் தமிழ். நான் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்வார். ஏழும் எட்டும் மட்டும் எப்போதும் மாறிப்போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்.