'விதிர்விதிர்த்துப் போனான்'னா என்ன அர்த்தம்? அந்த சொல் எங்கிருந்து வந்துச்சு?

பயத்துல உடம்பு மொத்தமும் நடுங்கிப் போறதுதான். சும்மா பயந்துட்டான்னு சொல்ற அளவுக்கு இல்ல, திடீர்னு ஒண்ண பாத்தோ கேட்டோ கை கால் நம்ம பேச்சு கேக்காம ஆடும் பாருங்க, அந்த நிலை.

வேர்ச்சொல் 'விதிர்'. இதுக்கு உதறுறதுன்னு ஒரு அர்த்தம் இருக்கு, அதுல பயமே கிடையாது. திருக்குறள்ல கயமை அதிகாரத்துல 1077வது குறள் "ஈர்ங்கை விதிரார் கயவர்"னு ஆரம்பிக்கும். சாப்பிட்ட ஈரக்கையக் கூட அடுத்தவனுக்காக உதற மாட்டானாம் கயவன், தாடைய உடைக்கிற மாதிரி கைய மடக்கிட்டு வர்றவனுக்குத்தான் குடுப்பானாம். என்ன ஒரு கோபம் வள்ளுவருக்கு!

கைய உதறுறது எப்படி பயம் ஆச்சுன்னு கேட்டா நம்ம பேச்சையே கவனிங்க, "எனக்கு உதறுது", "உதறல் எடுத்துடுச்சு"ன்னு இன்னிக்கும் சொல்றோம்ல. நாமளா உதறினா அது செயல், உடம்பு தானா உதறினா அது பயம். விதிரும் இதே வழியிலதான் போயிருக்கும்னு நான் நினைக்கிறேன். நடுக்கம்ங்கிற பொருளும் புதுசு இல்ல, தொல்காப்பியம் உரியியல்லயே "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்"னு நூற்பா இருக்கு. கூட வர்ற அதிர்வுதான் குறள் 429ல "அதிர வருவதோர் நோய்"னு, அதாவது நடுங்க வைக்கிற துன்பம்னு வரும், இப்போ அதிர்ச்சின்னு தினமும் சொல்றோம்.

இன்னொண்ணு, இத வெடவெட, கிடுகிடு மாதிரி இரட்டைக்கிளவின்னு சேத்துடாதீங்க. வெடவெடன்னு நடுங்கினான்ல ஒரு 'வெட'வ எடுத்துட்டா ஒண்ணும் நிக்காது, ஆனா விதிர் தனியாவே நிக்கும், அழுத்தத்துக்காகத்தான் ரெண்டு தடவ வருது. அதனால 'விதிர்த்துப் போனேன்'னு எழுதினாலும் சரிதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் திருவாசகம், திருச்சதகத்தோட முதல் பாட்டு. "மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து"ன்னு மாணிக்கவாசகர் தொடங்குறார். அங்க பயம் இல்ல, உடம்பு சிலிர்த்து நடுங்கி கண்ணீர் ததும்புற பக்தி. இப்போ எழுதுறவங்க பயத்துக்கும் அதிர்ச்சிக்கும்தான் இந்த சொல்ல எடுக்குறாங்க, ஆனா தாங்க முடியாத சந்தோஷத்துக்கும் தாராளமா போடலாம்.