பெயர் சொல்லாத செத்த வீடு

கேள்வி: என் மகள் அவுஸ்திரேலியாவில், டார்வின் ஆஸ்பத்திரியொன்றில் தாதி. அவளுடைய வார்டில் ஓர் ஆதிக்குடிப் பாட்டி காலமானா. அதற்குப் பிறகு பாட்டியின் பெயரைச் சொல்ல வேண்டாமென்று சொந்தக்காரர் கேட்டார்களாம். உடலைப் பல கிழமை வைத்திருந்து, வெகுதூரத்திலுள்ள சொந்த இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் அடக்கினார்களாம். நாங்கள் இன்றைக்குச் செத்தால் நாளைக்கு எடுத்துவிடுகிறோம். பிரேதத்தை இவ்வளவு நாள் வைத்திருப்பது பாவமில்லையா?
- ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: பாவமில்லை, தங்கச்சி. என் அண்ணர் கட்டாரில் வேலை செய்த இடத்தில் இறந்தார். பெட்டி கல்லடிக்கு வந்து சேர 22 நாள் சென்றது. அத்தனை நாளும் அம்மா அடுப்பு மூட்டவில்லை, அயலவர்தான் சோறு கொண்டுவந்தார்கள். வான் வளவுக்குள் திரும்பியதும் அம்மா சொன்னது ஒன்றுதான்: "பிள்ளைய முத்தத்துல இறக்குங்க, அவன் விளையாடின இடம்." அங்கேதான் இறக்கினோம்.

அந்தப் பாட்டியின் பிள்ளைகளும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். பிறந்த மண்ணுக்குத் திரும்பினால்தான் ஆவி அடங்கும் என்பது அவர்களில் பலருடைய நம்பிக்கை. எட்டத்து ஊர்களிலிருந்து உறவினர் வந்து சேர வேண்டும், சடங்கில் இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்ற முறையும் உண்டு. அதற்குத்தான் அந்தக் கிழமைகள். பல இடங்களில் இறந்தவர் இருந்த வீட்டுக்கு இலைப்புகை போடுவார்கள். பெயர் சொன்னால் ஆவியின் பயணம் தடைப்படும் என்று எண்ணுகிறவர்கள், அதே பெயருள்ள உயிரோடிருப்பவரையும் கொஞ்சக் காலம் வேறு பெயரால் அழைப்பார்கள். இறந்தவர்களின் படம் வரக்கூடுமென்று அந்த நாட்டுத் தொலைக்காட்சி முன்கூட்டியே அறிவிப்பதும் இதனால்தான்.

அவர்கள் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் ட்ருகானினி என்றோர் ஆதிக்குடிப் பெண். தன் சனத்தின் எலும்புகளை வெள்ளையர் ஆராய்ச்சிக்கென்று எடுத்துப்போனதை அறிந்தவ. தன்னை அப்படிச் செய்ய வேண்டாம், தன் தீவுக்குப் பக்கத்துக் கடலில் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினா. 1876இல் இறந்தா. இரண்டு வருடத்துக்குள் தோண்டி எடுத்துவிட்டார்கள். பிறகு ஹோபார்ட் நூதனசாலையில் அந்த எலும்புக்கூட்டைச் சனம் பார்க்க நிறுத்தியும் வைத்தார்கள், 1947 வரைக்கும். சாம்பல் கடலில் கரைந்தது 1976இல். ஒரு கிழவியின் கடைசி ஆசைக்கு நூறு வருடம்! இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

இது எங்கேயோ நடந்த கதையென்று விட்டுவிடாதீர்கள். எங்கள் நாட்டு ஆதிக்குடியான வேடர் சனத்தின் மண்டையோடுகளும் ஸ்கொட்லாந்துக்குப் போயின. எடின்பரோ பல்கலைக்கழகம் அவற்றில் 9 மண்டையோடுகளை வேடர் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தது 2019இல்தான். வாகரைப் பக்கம் தமிழ் பேசி வாழும் வேடர் குடும்பங்களுக்கும் அவர்கள் முன்னோர்தானே.

மகளிடம் சொல்லுங்கள்: பாட்டியின் பெயரைச் சொல்ல வேண்டாம், படமிருந்தால் யாருக்கும் காட்டவும் வேண்டாம். அந்த வீட்டார் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தால், "அம்மா ஊருக்குப் போய்ச் சேர்ந்திட்டாவா?" என்று மட்டும் கேட்கட்டும்.