சூளைக்குள் வளையும் பீங்கான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானியச் சிற்பி ஷிகெகஸு நாகாயேவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவருடைய பீங்கான் சிற்பங்களின் படங்களைத் தேடிப் பார்த்தேன். காற்றில் மடங்கிய பூவிதழ்கள் மாதிரி அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மண்கூழை அச்சில் ஊற்றி எடுப்பது வாஷ்பேசின் செய்கிற முறை அல்லவா? கைபடாமல் வார்த்த இதழை இயற்கையின் நகல் என்றுதானே சொல்ல வேண்டும்? இதில் சிற்பி எங்கே இருக்கிறார்?

க.

அன்புள்ள க.,

முறையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நாகாயே 1953இல் பிறந்த ஸெட்டோ, பீங்கான் தொழிலாலேயே வாழ்ந்த ஊர். ஏற்றுமதிக்கான பொம்மைகளை இதே வார்ப்பு முறையில்தான் அங்கே செய்து குவித்தார்கள். தோசை மாவுப் பதத்தில் இருக்கும் மண்கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் ஏடாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். சீக்கிரம் கொட்டினால் ஏடு மெல்லியதாக இருக்கும்.

தொழிற்சாலைக்காரர்களின் பயமெல்லாம் அதற்கு அப்புறம்தான். சூளையில் வெப்பம் 1,300 டிகிரியை நெருங்கும்போது மண்ணிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகி, பீங்கான் இளகும். சுவர் மெல்லியதாக இருந்தால் தன் எடை தாங்காமல் தொய்யும். கோணிய தட்டை யார் வாங்குவார்கள்? கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

நாகாயேவின் வேலை அந்தக் கோணலில்தான் தொடங்குகிறது. மெல்லிய வார்ப்புகளைச் சூளைக்குள் தொங்கவிட்டுச் சுடுகிறார். அவை இளகி, தம் எடையால் இழுபட்டு வளைகின்றன. நீங்கள் பார்த்த வளைவுகள் அச்சில் இருந்தவை அல்ல, நெருப்பில் வந்தவை. எவ்வளவு மெல்லியதாக வார்ப்பது, எங்கே பிடிமானம் கொடுப்பது, எந்த விளிம்பு எதைத் தொட வேண்டும் என்பதையெல்லாம் அவர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். சூளையை மூடிய பிறகு கை வைக்க வழியில்லை. சிற்பி எங்கே என்று கேட்டீர்களே, அந்த முடிவுகளில் இருக்கிறார்.

பூவிதழ் நினைவுக்கு வருவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் இதழைப் பார்த்து இதழ் செய்யவில்லை. இதழ் வளர்ச்சியில் வளைகிறது, இது எடையில் வளைகிறது. ஆனாலும் மெல்லிய பரப்பு எதுவானாலும், அது விசைக்கு இணங்கும்போது வரும் கோடுகளுக்கு ஒரு குடும்பச் சாயல் இருக்கிறது. அதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வார்ப்பை இவர் மட்டும் கையாளவில்லை. கியோட்டோவின் சுயெஹாரு ஃபுகாமி கூழை அழுத்தம் கொடுத்து அச்சுக்குள் செலுத்துகிறார். வாள்முனை போல் நீளும் அவருடைய வெளிர்நீலப் படைப்புகள் அப்படிப் பிறந்தவைதான்.

நிஜமாகவே செடியைப் பார்த்துச் செய்பவர் ஹிதோமி ஹொசோனோ. 1978இல் கிஃபு மாகாணத்தில் பிறந்து லண்டனில் வேலை செய்கிறார். இலைகளைச் சிறு அச்சுகளில் எடுத்து, நரம்புகளைக் கையால் கூர்மையாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார். அடியில் உள்ள கிண்ணமே மறைந்துபோகும் அளவுக்கு அடுக்கு. மிக மெதுவாக உலர்த்த வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விழும். பிரிட்டிஷ் மியூசியத்தில் அவருடைய இலைக்கிண்ணம் இருக்கிறது. அந்தப் பொறுமை பெரியதுதான். ஆனால் என் மனம் நாகாயே பக்கமே சாய்கிறது. ஹொசோனோவின் இலையில் நான் செடியைப் பார்க்கிறேன், நாகாயேவின் வளைவில் பீங்கானையே பார்க்கிறேன்.

கைபட்ட வேலைதான் வேண்டுமென்றால் ட்சுபுஸா கட்டோவின் படைப்புகளைத் தேடிப் பாருங்கள். நியூசிலாந்து கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை ஈரமாக இருக்கும்போதே கிழித்து, வளைத்துச் செய்பவர். நீலம் பாரித்த கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, வழிந்து நுனியில் கூர்கூராக உறைந்திருக்கும். பார்த்துவிட்டு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

அன்புடன்.