கிறிஸ்துமஸ் பரிசுச் செலவைக் குறைக்க வேண்டும். மாமியார் வீட்டில் யார், எப்போது, எப்படிச் சொல்வது?

கேள்வி: என் கணவரோடு சேர்த்து அவர் வீட்டில் உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் திருமணமாகிவிட்டது. மாமியாரையும் சேர்த்தால் பெரியவர்கள் 11 பேர். எங்கள் இரண்டு பிள்ளைகளோடு சேர்த்துச் சிறுவர்கள் 7 பேர். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் எல்லோருக்கும் பரிசு வாங்குவதுதான் எங்கள் குடும்ப வழக்கம். நாங்கள் இருவரும் சம்பாதிக்கிறோம். ஆனாலும் போன இரண்டு வருடமும் கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டு, அதை அடைத்து முடிக்க ஜூன் ஆகிவிட்டது. பெரிய ஓர்ப்படி வசதியானவர். அவர் தருவதற்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாமியார் மனம் நோகாமல், பிள்ளைகள் ஏமாறாமல் இதைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆகஸ்ட் முடிவதற்குள் கேட்டது நல்லதாயிற்று. இதையே டிசம்பர் 10-ம் தேதி கேட்டிருந்தால், "இந்த வருடம் வழக்கம்போல் செய்துவிடுங்கள், ஜனவரியில் பேசலாம்" என்றுதான் சொல்லியிருப்பேன். பரிசுச் செலவு மளிகைச் செலவைப் போல நம் கையில் மட்டும் இருப்பதில்லை. மற்ற வீட்டார் எல்லோரும் வாங்கிக் கட்டி வைத்த பிறகு நீங்கள் மட்டும் நிறுத்தினால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். முதல் ஆள் கடைக்குப் போவதற்கு முன்பே பேச்சு முடிந்திருக்க வேண்டும். சிக்கனமாக வாங்குபவர்கள் அக்டோபரிலேயே வாங்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் செப்டம்பர் கடைசியை உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தியோடர் காப்லோ என்ற சமூகவியலாளர் 1979-ல் அமெரிக்காவின் ஒரு நடுத்தர ஊரில் 110 பெரியவர்களிடம் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி விரிவாகக் கேட்டறிந்தார். அந்தக் குடும்பங்களில் யார் யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு மதிப்பில் கொடுப்பது என்பதற்கெல்லாம் விதிகள் இருந்தன, அவற்றைப் பெரும்பாலும் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். ஆனால் விதி என்று யாரும் சொல்லி வைத்ததில்லை, மீறினால் தண்டிக்கவும் யாரும் இல்லை. உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். "எல்லோரும் எல்லோருக்கும்" என்று எப்போதோ தொடங்கியிருக்கும். அப்போது பாதிப் பேருக்குத் திருமணமே ஆகியிருக்காது. மருமக்கள் வந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். குடும்பம் பெருத்தபோது அந்த ஏற்பாட்டை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதியை வாய்விட்டுப் பேசித்தான் மாற்ற முடியும். பேசிப் பார்த்தால், இந்தக் கனத்தை இறக்கி வைக்க இன்னொரு வீடாவது காத்திருந்தது தெரிய வரும். பெரிய குடும்பங்களில் இது அநேகமாக நடக்கிறது.

யார் பேசுவது? உங்கள் கணவர். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். மருமகள் சொன்னால் "அவள் வந்து வழக்கத்தை மாற்றிவிட்டாள்" என்று ஆகும். மகன் சொன்னால் அது வீட்டுக்குள் எடுத்த முடிவு. அவரும் நேராகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். முதலில் அம்மாவை நேரில் பார்த்தோ போனிலோ பேசட்டும். அடுத்து, இதற்குச் சம்மதிக்கக்கூடிய உடன்பிறப்பு ஒருவரிடம். குழுவில் போடும்போது ஆதரவாக இரண்டு பேராவது இருக்க வேண்டும். அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்:

"அம்மா, பிள்ளைங்களுக்கு நீங்க வழக்கமாக் கொடுக்கறதைக் கொடுங்க, அதுல ஒரு மாத்தமும் இல்லை. பெரியவங்க நாங்க மட்டும் இந்த வருஷம் பேர் எழுதிப் போட்டு, ஆளுக்கு ஒருத்தருக்கு வாங்கலாம்னு நினைக்கிறோம். என்னைக்கு எல்லாரும் சேர்றது, யார் வீட்டுலன்னு நீங்கதான் சொல்லணும்."

கடன் பேச்சு இதில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கடனைச் சொன்னால் அம்மா உங்களுக்குப் பணம் கொடுக்கப் பார்ப்பார், வழக்கம் அப்படியே நிற்கும். இன்னொன்று, அவர் கையிலிருந்து எதையும் பறிக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சந்தோஷமும், எல்லோரையும் கூட்டிவைக்கும் இடமும் அவரிடமே இருக்கின்றன. மாமியார் மனம் நோகும் என்று பயப்படுகிறீர்களே, பெரும்பாலான தாய்மாருக்குப் பரிசு குறைவது பெரிதாகத் தெரியாது. தன் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்வது குறைந்துவிடுமோ என்றுதான் மனம் வாடும். அந்தக் கவலையை முதல் பேச்சிலேயே தீர்த்துவிடுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 11 பேரும் தனித்தனியே மற்றவர்களுக்குக் கொடுத்தால் 110 பரிசுகள். கணவன் மனைவி சேர்ந்து கொடுத்தாலும் 55. பெயர்ச் சீட்டு எடுத்தால் மொத்தமே 11. உங்கள் வீட்டளவில், பெரியவர்களுக்கு இப்போது நீங்கள் வாங்கும் 9 பரிசு இரண்டாகிவிடும்: அவர் எடுத்த பெயருக்கு ஒன்று, நீங்கள் எடுத்த பெயருக்கு ஒன்று.

சீட்டு எடுப்பதில் ஒரு சின்னச் சிக்கல் வரும். பெட்டிக்குள் 11 பெயரைப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுத்தால், யாராவது ஒருவருக்குத் தன் பெயரே வந்துவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 63 சதவீதம். கணவனுக்கு மனைவி பெயர் வருவதையும் சேர்த்தால் திரும்பத் திரும்பக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எளிய வழி இது. சீட்டில் சேராத மூத்த பேரப்பிள்ளை ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். 11 சீட்டுகளையும் கலைத்து மேசையில் வட்டமாக அடுக்கட்டும். கணவன் மனைவி பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு சீட்டை மட்டும் இடம் மாற்றட்டும். ஒவ்வொருவரும் தனக்கு வலப்பக்கம் இருப்பவருக்கு வாங்க வேண்டும். யாருக்கு யார் என்பதை அந்தப் பிள்ளை தனித்தனியே போனில் சொல்லிவிட்டால் ரகசியமும் காப்பாற்றப்படும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

தொகையையும் அப்போதே பேசி முடியுங்கள். "இதற்கு மேல் போகக்கூடாது" என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் கொஞ்சமாக மீறுவார்கள். "ஏறக்குறைய இவ்வளவு" என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள். அந்தத் தொகை, உங்கள் குடும்பத்தில் வருமானம் குறைந்தவர் இரண்டாவது முறை யோசிக்காமல் கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். அவர் யார் என்று யாரும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கணவரே அந்த அளவை முதலில் சொல்லிவிட்டால் போதும்.

சரி, பெரிய ஓர்ப்படி. சீட்டு முறை வந்தால் இந்தப் பிரச்சினை பெருமளவு தானாகவே தீரும். ஆனாலும் அவர் "நீங்கள் தர வேண்டாம், நான் தருகிறேன்" என்று விலையுயர்ந்த பொருளோடு வரலாம். மனதார வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், அதோடு விடுங்கள். அவசரத்துக்கு எடுத்து நீட்டலாம் என்று அலமாரியில் பரிசு வாங்கி வைக்காதீர்கள். விலை பற்றி நமக்கு இருக்கும் பயம் பெரும்பாலும் கொடுப்பவரின் பயம். ஃபிரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியேல் ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், விலை கூடினால் பெறுபவர் அதிகம் மகிழ்வார் என்று கொடுப்பவர்கள் எதிர்பார்த்தார்கள். பெற்றவர்களின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. 2011-ல் ஃபிரான்செஸ்கா ஜீனோவும் ஃப்ளினும் செய்த ஆய்வு இன்னும் உபயோகமானது: தாங்களாகவே யோசித்து வாங்கும் பரிசு, கேட்டு வாங்கிய பரிசுக்கு இணையாகப் பிடிக்கும் என்று கொடுப்பவர்கள் நினைத்தார்கள், பெறுபவர்களுக்குக் கேட்டது கிடைத்ததே அதிகம் பிடித்தது. அதனால் சீட்டில் பெயரோடு "எனக்கு வேண்டியவை" என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பட்டியலில் கணவர் வீட்டார் போக நண்பர்கள், அலுவலகத்தார், தூரத்து உறவினர் என்று இன்னும் பலர் இருப்பார்கள். குறைக்கத் தொடங்கும்போது வெளிவட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் 1993-ல் கல்லூரி மாணவர்களிடம் கணக்கெடுத்தபோது, பரிசுக்குச் செலவழித்த பணத்தில் 10 சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெறுபவர் மதிப்பில் காணாமல் போயிருந்தது. நண்பர்களும் காதலர்களும் கொடுத்தவற்றில் இழப்பு குறைவு. அத்தை மாமா போன்ற உறவினர் கொடுத்தவற்றில் அதிகம். நன்றாகத் தெரியாதவருக்கு ஊகித்து வாங்குவது வீண் என்பது நமக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதான். அவர்களுக்குக் கைப்பட எழுதிய வாழ்த்தட்டை போதும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: உங்கள் வீட்டு வேலைக்கு உதவுபவருக்குக் கொடுக்கும் தொகையில் கை வைக்காதீர்கள். அவர் அதை நம்பித் தன் பண்டிகையைத் திட்டமிட்டிருப்பார்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. எண்ணிக்கையைக் குறையுங்கள், முக்கியமான ஒன்றைக் குறைக்காதீர்கள். மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுதச் சொல்லி, முதலாவதை முடிந்தவரை நிறைவேற்றுங்கள். எட்டுப் பொட்டலம் பிரித்த பிள்ளை முதலில் பிரித்ததை மறந்துவிடும். முதல் விருப்பமே எட்டாத விலையில் இருந்தால் அதை அக்டோபரிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், கிறிஸ்துமஸ் காலையில் தெரிய வேண்டாம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் தொகையையே சொல்லலாம். அதற்குள் எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர்களுக்குக் கௌரவமாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் தாத்தா வருவதாக நம்பினால், விலை கூடிய பரிசு அப்பா அம்மா கொடுத்ததாகவே இருக்கட்டும், தாத்தா சின்னதைக் கொண்டுவரட்டும். வகுப்பில் வேறொரு பிள்ளை, "தாத்தா எனக்கு ஏன் இவ்வளவு சின்னதா கொடுத்தார்?" என்று வீட்டில் போய்க் கேட்கும் நிலை வரக்கூடாது.

இனி பணம். போன வருடம் நவம்பர் 15 முதல் ஜனவரி 10 வரையிலான வங்கி, கார்டு அறிக்கைகளை எடுத்து, கிறிஸ்துமஸுக்கான ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிடுங்கள். பரிசு மட்டும் அதில் இருக்காது. துணிமணி, அலங்காரம், பயணம், விருந்தாளிகள், பொதி கட்டும் தாள், "கடைக்கு வந்தாச்சு, அப்படியே நமக்கும் ஒன்று" என்று எடுத்தவை என எல்லாம் இருக்கும். பலரும் பரிசுக்கு மட்டும் திட்டம் போட்டுவிட்டு மீதியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நான்கு சம்பளம். ஒவ்வொன்றிலும் வலியில்லாமல் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று பாருங்கள். அந்த நான்கின் கூட்டுத்தொகைதான் உங்கள் கிறிஸ்துமஸ். முதலில் பயணம், விருந்து போன்ற தவிர்க்க முடியாதவற்றைக் கழித்துவிட்டு, மீதியை ஆட்களுக்குப் பிரியுங்கள். பரிசுப் பட்டியலில் தொடங்கி மேலே போனால் எங்கே நிற்பது என்று தெரியாது.

ஒதுக்கும் பணம் உங்கள் பெயரிலுள்ள தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். மாதாமாதம் கட்டினால் டிசம்பரில் பரிசுக் கூப்பன் தருகிறோம் என்று சொல்லும் தனியார் திட்டங்கள் வேண்டாம். பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் 2006 அக்டோபரில் திவாலானபோது, வருடம் முழுக்கச் சேமித்திருந்த ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் பண்டிகை நெருங்கும் நேரத்தில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். வங்கி வைப்புக்கு உள்ள பாதுகாப்பு அந்தப் பணத்துக்கு இல்லை.

கிரெடிட் கார்டைப் பற்றி உங்களுக்கே தெரியும், ஆனால் எண்ணை ஒரு முறை பார்த்துவிடுங்கள். மாதம் 3 சதவீத வட்டியில் 100 கடன் வாங்கி, மாதம் 10 வீதம் கட்டினால், 12 தவணைக்குப் பிறகும் சின்ன பாக்கி நிற்கும். மொத்தம் 120-க்கு மேல் கட்டியிருப்பீர்கள். அடுத்த கிறிஸ்துமஸ் வாசலுக்கு வந்துவிடும். மாதம் 5 மட்டும் கட்டினால் 31 மாதம். வட்டி ஒரு பக்கம் என்றால், கையை விட்டுப் பணம் போவது தெரியாதது இன்னொரு பக்கம். டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-ல் வெளியிட்ட சோதனையில், ஒரே பொருளுக்கு ரொக்கமாகக் கொடுக்க வேண்டியவர்களைவிட, கார்டில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் சில சந்தர்ப்பங்களில் இரண்டு மடங்கு வரை தரத் தயாராக இருந்தார்கள். பரிசு வாங்கப் போகும்போது கார்டை வீட்டில் வையுங்கள், போனில் சேமித்து வைத்த கார்டு எண்ணையும் நீக்குங்கள். "வட்டியில்லாத் தவணை"யும் இந்த வருடம் வேண்டாம். வட்டி இல்லாவிட்டாலும் அது ஜனவரிச் சம்பளத்தை இப்போதே செலவழிப்பதுதான்.

மாமியார் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால்? சண்டை வேண்டாம். யாரிடமும் அனுமதி கேட்காமல் நீங்களே செய்யக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒன்று என்பதை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒன்று கொடுங்கள்: நான்கு தம்பதிகளுக்கும் தலா ஒன்று, மாமியாருக்குத் தனியாக ஒன்று. 9 பரிசு 5 ஆகிவிடும். மாமியாருக்கானதை மட்டும் போன வருடத்தைவிடக் கொஞ்சம் நல்லதாகவே வாங்குங்கள். அடுத்த வருடம் சீட்டுப் பேச்சை, ஏற்கெனவே சம்மதம் சொன்ன உடன்பிறப்பை வைத்து மறுபடி எடுக்கலாம்.