வராதவர்களின் பட்டியல்

அன்புள்ள ஐயா,

சென்னையில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். 2019, 2021 இரண்டு தேர்தல்களிலும் நான் வாக்களிக்கவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. 2024 ஏப்ரல் 19 அன்று மகளுக்கு முதல் வாக்கு. அவள் பிடிவாதம் பிடித்ததால் பிற்பகல் மூன்றரை மணிக்கு இருவரும் போனோம். என் பெயரை ஏற்கெனவே கோடிட்டு வைத்திருந்தார்கள். என் வாக்கு காலையிலேயே பதிவாகிவிட்டதாம். மை இல்லாத விரலைக் காட்டினேன். ஒன்றும் செய்ய முடியாது, அடுத்தவருக்கு வழிவிடுங்கள் என்றார் அலுவலர். ஒரு வாக்கால் எதுவும் மாறாது என்று நான் நினைத்திருந்ததைத்தானே அந்த நாளும் உறுதி செய்தது? நீங்கள் தேர்தல் பணி பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

எம்., சென்னை

அன்புள்ள எம்.,

அலுவலர் சொன்னது தவறு. தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (49P) என்று ஒன்று இருக்கிறது. ஒருவரின் பெயரில் வேறு யாரோ வாக்களித்துவிட்டுப் போயிருந்தால், உண்மையான ஆள் வந்து தான் யாரென்று நிறுவியதும் அவருக்கு அச்சடித்த வாக்குச்சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். நாங்கள் அதை டெண்டர் ஓட்டு என்போம். அரசுத் தமிழில் ஆய்வுக்குரிய வாக்கு. 17பி (17B) படிவத்தில் கையெழுத்திட்டு, சீட்டில் முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தால் தலைமை அலுவலர் அதைத் தனி உறையில் போட்டு வைப்பார். அதற்கான சீட்டுகள் எல்லாச் சாவடிகளுக்கும் போகும் சாமான்களிலேயே இருக்கும்.

பிறகு ஏன் கொடுக்கவில்லை? அவருக்காக வாதாட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. முந்தைய நாள் சாமான்களைச் சரிபார்த்து வாங்கி, லாரியில் ஏறி, ஏதோ ஒரு தொடக்கப்பள்ளி பெஞ்சில் கொசுக்கடியில் படுத்து, விடியுமுன் எழுந்து கட்சி முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, இயந்திரத்துக்கு முத்திரை வைத்து ஏழு மணிக்குத் தொடங்கியவர் அவர். மூன்றரை மணிக்குப் புதிதாக ஒரு படிவம் என்றால் மனம் மறுக்கும். 2001 தேர்தலில் நானே ஓர் இளைஞனை இப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதி தெரிந்தே அனுப்பினேன். வாசலில் அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஆனால் டெண்டர் ஓட்டு கிடைத்திருந்தாலும் நீங்கள் மகிழ்ந்திருக்க முடியாது. அது எண்ணப்படுவதில்லை. யாராவது வழக்குப் போட்டு, நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் உறையைப் பிரிப்பார்கள். வழக்கு என்றால் என்ன என்பதை ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் பார்த்தோம். 2016இல் அங்கே வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். தள்ளுபடியான தபால் வாக்குகளோ 203. தபால் வாக்கோடு வரும் உறுதிமொழிப் படிவத்தில் தலைமையாசிரியர் செய்த சான்றொப்பம் செல்லுமா என்பதுதான் தகராறு. தேர்தல் பணிக்குப் போகும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் தபால் வாக்குதான் என்பதால், அந்தச் செய்தியை நாளிதழில் இரண்டு தடவை படித்தேன். ஊர் ஊராக மற்றவர்களின் வாக்கைப் பதிவு செய்துவிட்டு வந்தவர்களின் வாக்கு குப்பைக்கூடைக்குப் போயிருக்கிறது. 2019இல் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அப்படியே அந்தச் சட்டமன்றத்தின் காலமும் முடிந்தது.

ஒரு வாக்கில் தோற்றவர்கள் உண்டு; 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி அப்படித் தோற்றார். 2021இல் தியாகராய நகர் 137 வாக்கில் கைமாறியது. ஆனாலும் இதையெல்லாம் காட்டி உங்கள் ஒரு வாக்கு ஆட்சியைப் புரட்டும் என்று நான் சொல்லமாட்டேன். லாட்டரிச் சீட்டு விற்பவர் பேச்சு அது. கணக்காளரிடம் எடுபடாது.

நான் சாவடிக்குள் உட்கார்ந்து பார்த்தது வேறு. வாக்காளர் உள்ளே வந்ததும் முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். எதற்கு உரக்க? எதிரில் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் கேட்பதற்கு. அவர்களிடமும் அதே பட்டியல் இருக்கிறது, பெயர் கேட்டதும் குறித்துக்கொள்கிறார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்பதுதான் ரகசியம். வந்தீர்களா என்பது ரகசியமே இல்லை. எண்ணிக்கை அன்று ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியாக வெளியாகிறது. எந்தத் தெரு வரும், எந்த அடுக்குமாடி வராது என்பது வட்டச் செயலாளருக்குத் தெரியும். 2024இல் வாக்குப்பதிவு தர்மபுரியில் 81 விழுக்காடு, தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54ஐ ஒட்டி. வராத தெருவின் சாக்கடை ஏன் மூன்று மாதமாகத் திறந்து கிடக்கிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசும்போது இதையும் ஒருவர் சொல்லலாம்.

குறிக்கப்படாத பெயர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. இறந்தவர், வெளியூர் போனவர், பட்டியலில் இருந்தும் வராதவர் ஆகியோரைக் கள்ள ஓட்டுக்காரன் மனப்பாடம் செய்து வைத்திருப்பான். இரண்டு தேர்தலாக வராத ஒரு கணக்காளர் அவனுக்கு நல்ல தேர்வு. உங்கள் சாவடியில் நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. பெயர் குழப்பத்தில் வேறொருவரின் வரியில் கோடு விழுவதும் நடக்கும். ஆனால் வேண்டுமென்றே செய்தார்கள் என்றால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் வாக்குக்கு மதிப்பில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். மதிப்பு உண்டு என்று நினைத்த ஒருவன் சிறைக்கும் துணிந்து காலையிலேயே வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

புதுக்கோட்டைப் பக்கத்துச் சாவடி ஒன்றில், மைப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுப் பேனா கேட்ட ஒரு அம்மாள் நினைவுக்கு வருகிறார். அறிவொளி இயக்கத்தில் எழுதக் கற்றவர். பதிவேட்டில் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம் ஆயிற்று, கட்டத்தைத் தாண்டி அடுத்தவர் வரிக்குள்ளும் எழுத்து போய்விட்டது. வரிசையில் முணுமுணுத்தார்கள். இரண்டாம் அலுவலர் என்னைப் பார்த்தார். எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த இளைஞனைத் திருப்பி அனுப்பியதும் அதே நாளில்தான். எது என் உண்மையான முகம் என்று இன்றுவரை தெரியவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வரைவு வாக்காளர் பட்டியல் வரும்போது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் பார்த்துப் பயனில்லை. மூன்றரை மணிக்குப் போகாதீர்கள். மகளையும் அழைத்துக்கொண்டு ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். அதற்கு மேலும் யாராவது முந்திக்கொண்டிருந்தால், 17பி படிவம் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண்ணைச் சொன்னால் எங்கள் ஆட்கள் தூக்கத்திலிருந்தும் எழுந்துவிடுவார்கள்.